அக்கா மகள் கல்யாணத்துக்கு மேளம் பேசிய கதை

2011இல் என் தங்கைக்குக் கல்யாணம், கும்பகோணத்தில். காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம். தாலி வைத்த தட்டு சபையைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அட்சதையைக் கையில் பிடித்தபடி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று குரல் கொடுத்துவிட்டார். மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தது மேடைக்குப் பக்கவாட்டில். அவர்களுக்கும் சாஸ்திரிகளுக்கும் நடுவில் வீடியோக்காரரின் விளக்குக் குடை நின்றது. சாஸ்திரிகளின் கை அவர்கள் கண்ணுக்கே படவில்லை. கேட்ட குரலை நம்பிக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மந்திரம் இன்னும் முடியவில்லை. சாஸ்திரிகள் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறார், அதுவும் தெரியவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொன்ன பிறகு மேளம் நின்றது. அப்புறம் நிஜமாகவே தாலி ஏறும்போது தவில்காரருக்குக் கை தயங்கியது. முதல் முடிச்சு விழுந்து முடிந்த பிறகுதான் மேளம் எழுந்தது. அந்த நாலைந்து நொடியில் மண்டபத்தில் கேட்டது ஒரு குழந்தையின் அழுகையும் யாருடைய செல்போன் மணியோ, அதுவும்தான்.

கெட்டிமேளம் கொட்டுவதே அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் சரியாக அந்த நொடியில்தான் மேளம் இல்லை. அம்மா அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

அதற்கு முதல் நாள் மாலை ரிசப்ஷனும் அப்படித்தான். மேடைக்கு இருபுறமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி, பாட்டுக் கச்சேரி. பெரியம்மா ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். தங்கையைத் தூக்கி வளர்த்தவர். முன் வரிசையில் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் ஆளைக் காணோம். தேடிப்போனால் சாப்பாட்டுக் கூடத்தில், மடக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். “நெஞ்சு அதிருதுப்பா. நீ போ, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். அன்று இரவு மேடையில் எடுத்த எந்தப் படத்திலும் பெரியம்மா இல்லை.

2024இல் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. அக்கா என்னைக் கூப்பிட்டு, “மத்ததையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்டா. மேளம், பாட்டு, மைக் செட் மூணும் உன் பொறுப்பு” என்றாள். தாய்மாமனுக்குச் சீர் வரிசையோடு இதுவும் சேர்ந்தது. நான் செய்த முதல் காரியம், மண்டபத்திலேயே ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொன்ன மேளத்தை வேண்டாம் என்றதுதான். யார் வருவார்கள் என்று முதல் நாள் வரை அவர்களுக்கே தெரியாது. யாரென்றே தெரியாத ஒருவரிடம் முகூர்த்த நேரத்தை எப்படி ஒப்படைப்பது?

செல்போனில் வரும் வீடியோவைப் பார்த்தும் முடிவு செய்யவில்லை. ஒரு கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டின்போது நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசித்த ஒருவரை நின்று கேட்டேன். சாமி கூடவே நடந்தபடி, நெருக்கடியில், மூச்சு வாங்காமல் வாசித்தார். பெரிய பேர் பெற்றவர் இல்லை. சுருதி சுத்தமாக இருந்தது. தவில்காரர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார், அது ரொம்பப் பிடித்தது. அடுத்த வாரம் வீட்டுக்கே போனேன்.

நான் கேள்வி கேட்கப் போனவன். கேள்வி கேட்டது அவர்தான்.

“முகூர்த்தம் எத்தனை மணிக்கு தம்பி?”

“ஏழரைலேர்ந்து ஒன்பது அண்ணே.”

“முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு உண்டா? தெருவுல நடந்து வர்றதா, மண்டப வாசல்லயேவா?” அப்புறம், “மேடையில எந்தப் பக்கம் எங்களுக்கு இடம்?” கடைசியாக, “சாஸ்திரிகள் யாரு?”

இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சில சாஸ்திரிகள் விரலைத் தூக்குவார்கள், சிலர் தலையை ஆட்டுவார்கள், சிலர் வாயால் சொல்வார்கள். அது தெரிந்திருந்தால் தவிலில் கை தயாராக இருக்கும். சாஸ்திரிகளின் பேரைச் சொன்னதும், “அவரா, சரி. அவர் வலது கைய மேலே தூக்கிச் சுத்துவார்” என்று சிரித்தார். 2011இல் எங்களுக்கு நடந்தது ஏன் நடந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. நாயனக்காரருக்கும் சாஸ்திரிகளுக்கும் நடுவில் ஒரு பார்வைக் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை நாம் மறைத்துவிட்டோம்.

அதனால் மேளம் பேசும்போது ராகத்தையும் பாட்டையும் அப்புறம் பாருங்கள், முதலில் இடத்தைப் பாருங்கள். மண்டபத்துக்கு நேரில் போய், அவர்கள் உட்காரப்போகும் இடத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து சாஸ்திரிகள் உட்காரும் மணை தெரிகிறதா? வீடியோக்காரர் விளக்கை எங்கே நிறுத்துவார்? நாங்கள் வீடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு போனோம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டி எந்த ஸ்டாண்டும் வரக்கூடாது என்று பேசிக்கொண்டோம். அவர் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். அவருக்கும் கெட்டிமேளம் சரியாக விழுந்தால்தானே படம் நன்றாக வரும்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று முடிவானது. செலவைக் குறைக்க ஒரு நாயனம் ஒரு தவில் போதும் என்று அத்தான் சொன்னார். தப்பில்லை, சின்ன மண்டபத்துக்கு அது போதும். ஆனால் எங்களுக்கு முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் என இரண்டு வேளை. ஒருவர் மூச்சு விடும்போது இன்னொருவர் தொடர வேண்டும். நாயனத்தில் காற்று மனிதனுடைய மூச்சுதான் என்பது செலவுக் கணக்கில் மறந்துபோகிறது.

அன்று அவர் தன் வாத்தியத்தைக் காட்டினார். நரசிங்கம்பேட்டையில் செய்தது. ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் வருஷக்கணக்கில் காய்ந்த மரம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே நூலில், வாய் வைத்து ஊதும் முனையில் மாட்டுகிற சீவாளிகள் நாலைந்து தொங்கின. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, திருப்தி இல்லாமல் அடுத்ததை மாட்டினார். “நாணல் தம்பி இது. காலையில ஒண்ணு பேசும், சாயங்காலம் வேற ஒண்ணு பேசும்.” தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் கூடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியும் பசையுமாகச் சுற்றிக் காயவைத்து, கல் மாதிரி கெட்டிப்பட்ட கூடுகள். வலது கை விரல்களில் அதை மாட்டிக்கொண்டு, இடது கையில் கழியைப் பிடித்து அவர் சும்மா ஒரு தட்டு தட்டினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அந்த ஒரு தட்டைக் கேட்ட பிறகும் தவிலுக்கு முன்னால் மைக் வைப்பவர்களை என்னவென்று சொல்வது! மண்டபத்துக்குள் நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் தேவையே இல்லை. முற்காலத்தில் நீளம் குறைந்த திமிரி நாயனம்தான் வழக்கம், சுருதி தூக்கலாக இருக்கும். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. இன்றைக்கு மண்டபத்தில் நாம் கேட்கும் அந்தக் கனமான, காதைக் குத்தாத நாதம் பாரியுடையது. அதன் வாயிலேயே மைக்கைக் கொண்டுபோய்ச் சொருகி ஸ்பீக்கர் வழியாக விட்டால் அந்தக் கனம் போய், கீச்சென்று ஒரு சத்தம்தான் மிஞ்சும். சாப்பாட்டுக் கூடத்திலும் கேட்க வேண்டும் என்று மண்டபத்தார் சொன்னார்கள். ஐந்தாறு அடி தள்ளி ஒரே ஒரு மைக், அதுவும் அந்தக் கூடத்து ஸ்பீக்கருக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

என்ன வாசிப்பது என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் ஒரு தாளில் சில பாட்டுகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் எனக்குப் பிடித்தவை. அவர் வாங்கிப் படித்தார். “இதுல நாலு வாசிக்கிறேன் தம்பி. மத்தது நேரம் பார்த்து நான் பண்ணிக்கிறேனே” என்றார். விட்டுவிட்டேன், அதுதான் சரி. ராகங்களில் விடியற்காலைக்குப் பூபாளமும் பௌளியும், கொஞ்சம் வெயில் ஏறினால் பிலஹரி, மாலைக்குக் கல்யாணியும் காம்போதியும் என்று அவர்களுக்குக் கோயில் பழக்கத்திலேயே நேரம் தெரியும். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, குறிஞ்சி. தியாகராஜரின் ‘சீதா கல்யாண வைபோகமே’யும் குறிஞ்சிதான். தாலி ஏறி முடிந்ததும் அதைக் கேட்டால் போதும் என்றாள் அக்கா, வேறு எதையும் அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வாசிக்கலாமா என்று கேட்டேன். “அது சாமி புறப்பாட்டுக்கு. மாப்பிள்ளைக்கு வேற நல்லதா வாசிக்கிறேன்” என்றார். வேறு இடங்களில் வாசிப்பவர்கள் இருக்கலாம். தன் கலையில் எதை எங்கே வைக்க வேண்டும் என்ற அளவு அவருக்கு இருந்தது. அதற்கு மேல் நான் பேசவில்லை.

நாம் சொல்லவேண்டியது நம் வீட்டு வரிசையை. இது வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் காசி யாத்திரை உண்டு, மாலை மாற்றல் உண்டு, ஊஞ்சல் உண்டு, நலங்கு கிடையாது. எது எப்போது, எங்கே, யார் கை காட்டுவார்கள் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி நாயனக்காரர், சாஸ்திரிகள், வீடியோக்காரர் மூவருக்கும் கொடுத்தேன். முகூர்த்த நேரத்தில் சாஸ்திரிகளின் கையைத் தவிர வேறு யார் குரலுக்கும் கொட்டவேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஹோமத்தில் மந்திரம் சொல்லும்போது நாயனம் அடங்கி, மெல்ல ஓடினால் போதும் என்பதையும்.

மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். அவர்கள் செண்டை மேளத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். இதை எங்களிடம் சொன்னது கல்யாணத்துக்கு 12 நாள் முன்னால்! அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சம்பந்தியிடம் போனில் பேசினேன். அவருக்கு அது ஆசை, மகனைச் செண்டை முழங்க அழைத்து வரவேண்டும் என்று. ஆசையைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை. செண்டையும் தவிலும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் முழங்கினால் இரண்டுமே கெட்டுவிடும், அது ஒன்றுதான் பிரச்சினை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டப வாசல் வரை செண்டை, வாசல் கோலத்தில் மாப்பிள்ளை கால் வைத்ததும் செண்டை நிற்கும், ஆரத்திக்கு நாயனம் எடுக்கும் என்று பேசி முடித்தோம். அன்று மாலை செண்டைக்காரர் கடைசி வீச்சை அடித்து நிறுத்தியதும் ஒரு கணம் தெருவே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள்ளிருந்து கல்யாணி எழுந்து வந்தது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வீட்டு விருப்பத்தையும் ஒன்றின்மேல் ஒன்று போடாமல் அடுத்தடுத்து வைத்தால் இரண்டுமே துலங்குகிறது.

ரிசப்ஷனுக்கு அக்கா மகள் 40 பாட்டுகளின் பட்டியல் வைத்திருந்தாள். எல்லாம் சினிமாப் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வரிகளையும் முழுசாகப் படித்தோம். அவள் பட்டியலில் முதலில் இருந்த பாட்டு, மெட்டு தேன் மாதிரி. பல்லவியும் காதல். இரண்டாவது சரணத்தில் அவன் அவளை விட்டுப் போகிறான். “மாமா, இத்தனை வருஷமா கேட்கறேன், இதை நான் கவனிச்சதே இல்லையே” என்றாள். இப்படி ஆறு பாட்டு போனது. நாயனத்திலோ வயலினிலோ வாசிக்கும்போது வார்த்தை இல்லையே என்று நினைக்கவேண்டாம். தமிழ்நாட்டில் சினிமாப் பாட்டின் மெட்டைக் கேட்டாலே சபை முழுக்க மனசுக்குள் வரிகள் ஓடும்.

பாட்டுக் குழுவிடம் வேண்டிய பாட்டுப் பட்டியலை விட வேண்டாத பாட்டுப் பட்டியலைக் கொடுப்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். வேண்டியதை அவர்கள் பாதி மாற்றிவிடுவார்கள். பாடகருக்குச் சுருதி ஒத்துவராது, தாளக்காரருக்குப் பழக்கம் இருக்காது. வேண்டாதது மட்டும் தெளிவாக இருந்தால் அதைப் பாடமாட்டார்கள். சபையிலிருந்து வரும் துண்டுச்சீட்டுகளும் அப்படித்தான். எல்லாச் சீட்டும் என் கைக்கு வந்துதான் மேடைக்குப் போகும் என்று முன்பே சொல்லிவைத்தேன். யாரையும் வருத்தாமல் இரண்டு சீட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் வரிசையில் நின்று, மேடையேறி, மணமக்களிடம் இரண்டு வார்த்தை பேசத்தான் வருகிறார்கள். பல வருஷம் கழித்துப் பார்க்கிற சொந்தங்கள். அந்த இரண்டு வார்த்தை கேட்கவேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம், கூட்டம் நெரியும் நேரம், வெறும் வயலினும் புல்லாங்குழலும். ஸ்பீக்கரை மேடைப் பக்கத்திலிருந்து எடுத்து மண்டபத்தின் நடுத் தூண்களுக்கு மாற்றச் சொன்னேன், சத்தம் குறைவாக, எல்லா இடத்துக்கும் சமமாக. மைக் செட்காரருக்கு இது பிடிக்கவில்லை. “சவுண்டே இல்லன்னு சொல்லுவாங்க சார்” என்றார். மேடையில் நானும் அவரும் நின்று சாதாரணக் குரலில் பேசிப் பார்த்தோம். பேச்சு கேட்கும் அளவில் பொத்தானுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டினோம். 8.30க்கு மேல் கூட்டம் தளர்ந்த பிறகு பாட்டுக் கச்சேரி. அப்போது இளசுகள் ஆடினார்கள், சத்தமும் கொஞ்சம் ஏறியது, அது அவர்கள் நேரம்.

10 மணிக்கு முடித்துவிட்டோம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10லிருந்து காலை 6 வரை மூடிய அரங்கத்துக்கு வெளியே ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் கூடாது. விடியற்காலை முகூர்த்தம் வைத்து 5 மணிக்குத் தெருவில் ஊர்வலம் போக நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

மண்டபத்தார் இன்னொன்றும் சொன்னார்கள். சினிமாப் பாட்டு போடுவதற்கு உரிமக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பில்லில் சேர்த்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கியிருக்கிறது. இதை மீறிக் கல்யாணங்களில் வசூல் செய்யக்கூடாது என்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பே கொடுத்தது. அதை அச்செடுத்துக் காட்டினேன். பேச்சில்லாமல் நீக்கிவிட்டார்கள். கல்யாண வீடியோவை அந்தப் பாட்டுகளோடு யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு இந்த விலக்கு வராது.

கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிக்கொள்பவர்கள் செல்போனிலேயே மங்கல இசை போடுகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. என் நண்பன் மகளுக்கு நான்தான் போட்டேன். முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையத்திலிருந்து ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் வரும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கெட்டிமேளத்தைத் தனிப் பதிவாக வைத்து, வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர் அய்யர் கையைப் பார்த்தபடி நிற்கட்டும்.

சாப்பாடு விஷயம் ஒன்று. 2011இல் மேளக்காரர்கள் விடியற்காலையிலிருந்து வாசித்துவிட்டு, கடைசிப் பந்தியில் ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. இந்த முறை அதிகாலையில் காபி, முகூர்த்தத்துக்கு முன்பே முதல் பந்தியில் இலை. என் மைத்துனன் கூடவே நின்று கவனித்தான். பேசிய பணத்தைத் தாம்பாளத்தில் வேட்டி, வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்து அத்தானும் அக்காவும் கொடுத்தார்கள். மண்டப மேனேஜர் வழியாகக் கவரில் அனுப்பவில்லை.

முகூர்த்தம். நான் மணமகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தட்டு சபையைச் சுற்றிவிட்டு வந்தது. இந்த முறையும் முன் வரிசையிலிருந்து யாரோ “கெட்டிமேளம்” என்றார். நான் திரும்பித் தவில்காரரைப் பார்த்தேன். அவர் கழியைத் தவிலுக்கு ஒரு சாண் மேலே பிடித்தபடி அசையாமல் இருந்தார். கண் சாஸ்திரிகளின் வலது கை மேல். மந்திரம் முடிந்தது. கை எழுந்தது, ஒரு சுற்று. இரண்டு தவிலும் ஒரே அடியாக விழுந்தது பாருங்கள், என் நெஞ்சுக்குள் வந்து விழுந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார்.

பெரியம்மாவுக்கு இப்போது 81 வயது. முன் வரிசையில் முதல் நாற்காலி. முந்தானை மடியில் கிடந்தது, இரண்டு கையாலும் அட்சதை போட்டார்.